வாடகை ஆகும், வட்டி ஆகாது



உழைத்துச் சேர்த்த பொருளைப் பயன் தரும் ஒன்றில் இட்டு வைக்க வேண்டுமென்று எண்ணுவது பேராசையன்று. அது குடும்பத் தலைவனின் கடமையுணர்வு. வளைகுடா நாட்டில் பல்லாண்டுகள் பாடுபட்டுத் திரும்பியவர், பெங்களூரில் கடை நடத்தி ஊரோடு வந்து சேர்ந்தவர், அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்றவர் என்று பலரும் எங்கள் தருமபுரி மாவட்டத்தில் ஆலிம்களை அணுகிக் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "ஒரு மனை வாங்கி, இரண்டு வீடு கட்டி வாடகைக்கு விடலாமென்று நினைக்கிறேன். மார்க்கத்தில் இதற்கு இடமுண்டா?" என்பதே அது.

இடமுண்டு, தாராளமாக உண்டு. ஆனால், 'உண்டு' என்ற ஒரு சொல்லைக் கேட்டதுமே மனநிறைவோடு எழுந்து போய்விடுகிறவர்களே அதிகம். எந்த மண்ணை வாங்குகிறோம், எந்தப் பணத்தால் வாங்குகிறோம், எந்த நிபந்தனையில் பிறருக்குக் குடியிருக்கக் கொடுக்கிறோம் என்ற மூன்றையும் பொறுத்தே அந்த வருவாய் தூயதா, மாசுற்றதா என்பது முடிவாகும். இதை முதலிலேயே தெரிந்துகொண்டு இறங்குவது நலம். கட்டிய சுவரை இடித்துத் திருத்துவதைவிட அடித்தளத்தைச் சரியாக இடுவது எளிதல்லவா?

வேற்றுமை எங்கே?

"பணத்தைக் கொடுத்து மாதந்தோறும் லாபம் பெறுவதும், வீட்டைக் கொடுத்து மாதந்தோறும் வாடகை பெறுவதும் ஒன்றுதானே?" என்று படித்த இளைஞர் சிலர் வினவுகின்றனர். ஒன்றன்று. வாடகை என்பது வீட்டின் பயனுக்குரிய விலை. வட்டி என்பது கடனாகத் தந்த பணம் கழித்த காலத்துக்குக் கேட்கும் கூலி.

வாடகைக்கு விட்டவருடைய வீடு அவருடைய பொறுப்பிலேயே இருக்கிறது. மழையில் கூரை ஒழுகினால் செலவு அவருக்கு. சுவர் இடிந்து குடியிருக்க இயலாமற் போனால் வாடகை கேட்கும் உரிமையும் அன்றோடு நின்றுவிடும். வட்டிக்குக் கொடுத்தவனுக்கோ இந்தக் கவலை எதுவுமில்லை. வாங்கியவன் வாழ்ந்தாலும் வீழ்ந்தாலும் அவனுக்கு அசலும் வர வேண்டும், அதற்கு மேலும் வர வேண்டும். இழப்பின் பொறுப்பைச் சுமப்பவனுக்கே ஆதாயத்தில் உரிமை உண்டு என்பது நம் சட்ட அறிஞர்கள் நபிமொழியிலிருந்து எடுத்த அடிப்படை விதி.

திருமறையின் 28ஆம் அத்தியாயத்தில் மூஸா (அலை) அவர்கள் மத்யன் நகரில் ஒரு பெரியவரிடம் வேலைக்கு அமர்ந்த செய்தி வருகிறது. எட்டு ஆண்டுகள், விரும்பினால் பத்து ஆண்டுகள் என்று காலம் அங்கே முதலிலேயே பேசி முடிக்கப்படுகிறது. கூலிக்கு அமர்த்துவதாயினும், வாடகைக்கு விடுவதாயினும், 'இஜாரா' என்னும் இவ்வகை ஒப்பந்தத்தில் பெறும் பயன் எது, அதற்குரிய தொகை எவ்வளவு, காலம் எவ்வளவு என்ற மூன்றும் ஐயமறத் தெரிந்திருக்க வேண்டுமென்பது மார்க்க அறிஞர்களின் தீர்ப்பு. பின்னால் சொல்லப்போவன யாவும் இந்த அடிப்படையிலிருந்து பிறப்பவையே.

மண் யாருடையது?

ஒரு சாண் நிலத்தை அநியாயமாக எடுத்துக்கொண்டவனுடைய கழுத்தில் ஏழு பூமிகள் மாலையாக மாட்டப்படும் என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் எச்சரித்ததை ஸயீத் இப்னு ஸைத் (ரலி) அவர்கள் அறிவிக்கிறார்கள். புகாரி, முஸ்லிம் இரண்டிலும் இடம்பெற்ற செய்தி இது. "நான் பறிக்கவில்லையே, பணம் கொடுத்துத்தானே வாங்கினேன்" என்று நாம் சொல்லலாம். விசாரித்து அறிய வழியிருந்தும் கண்ணை மூடிக்கொண்டு வாங்கியவருக்கு அது போதிய விடையாகுமா?

மூலப் பத்திரம், வில்லங்கச் சான்று, பட்டா, சிட்டா, புல வரைபடம் ஆகியவற்றைப் பார்ப்பது வழக்கம். தருமபுரி மாவட்டம் 1965 அக்டோபர் 2இல்தான் சேலத்திலிருந்து பிரிந்தது. அதற்கு முந்திய பத்திரங்களில் சேலம் மாவட்டம் என்றே இருக்கும். எனவே பழைய பதிவுகளை எந்த அலுவலகத்தில் தேட வேண்டுமென்பதை ஆவண எழுத்தரிடமோ வழக்கறிஞரிடமோ கேட்டறிவது அவசியம்.

நம்மவர்களின் சொத்தை வாங்கும்போது இன்னொரு விழிப்பும் தேவை. முஸ்லிம் சட்டப்படி, 'ஹிபா' என்னும் கொடை வாய்மொழியாகச் சொல்லி, சொத்தை ஒப்படைத்துவிட்டாலே செல்லும். அது வில்லங்கச் சான்றில் ஏறாது. தந்தை இறந்தபின் மகளுக்குச் சேர வேண்டிய பங்கும் அப்படியே. அண்ணன் தன் பெயரில் பட்டாவை மாற்றிக்கொண்டு விற்க வருவார்; சான்றிலும் வில்லங்கம் ஏதுமிராது; ஆனால் பக்கத்து ஊரில் மணமாகிப் போன தங்கையின் பங்கு அந்த மண்ணிலேயே கிடக்கும். 1937ஆம் ஆண்டின் ஷரீஅத் சட்டம் விவசாய நிலத்தை விலக்கியிருந்தது. சென்னை மாகாணத்தில் 1949ஆம் ஆண்டுத் திருத்தம் அதையும் உள்ளே கொண்டுவந்தது. ஆகவே, 'காட்டு நிலத்தில் பெண்ணுக்குப் பங்கில்லை' என்ற பேச்சுக்கு இங்கே மார்க்கத்திலும் ஆதாரமில்லை, சட்டத்திலும் ஆதாரமில்லை. வாரிசுச் சான்றைக் கேளுங்கள். சகோதரிகள் அனைவரும் கையொப்பமிட்டிருக்கிறார்களா என்று பாருங்கள். வெட்கத்துக்காகவும் வற்புறுத்தலுக்காகவும் இட்ட கையொப்பமா, உரிய பங்கைப் பெற்றுக்கொண்டு இட்ட கையொப்பமா என்பதையும் விசாரியுங்கள்.

வாங்கவே கூடாத நிலங்களும் உண்டு. 1892ஆம் ஆண்டில் ஆங்கில அரசு ஒடுக்கப்பட்ட மக்களுக்கென்று ஒதுக்கத் தொடங்கிய பஞ்சமி நிலம், அம்மக்களைத் தவிர வேறெவர் கைக்கும் போகலாகாது என்ற நிபந்தனைக்கு உட்பட்டது. எத்தனை கை மாறியிருந்தாலும் அது ஏழையின் சொத்தே. வக்பு நிலமும் விற்பனைக்குரியதன்று. பள்ளிவாசலுக்கு என்றோ ஒரு நல்லடியார் எழுதி வைத்ததை வாங்கி அதில் வீடு கட்டி வாடகை உண்பவர், எதை உண்கிறார் என்பதை எண்ணிப் பார்க்கட்டும்.

அடுத்தது அங்கீகாரம். விளைநிலத்தைக் கூறுபோட்டு, கல் நட்டு, வண்ணக் கொடி கட்டி விற்ற மனைகளில் பணத்தைப் போட்டுத் தவித்தவர்கள் ஏராளம். 2016 செப்டம்பர் 9ஆம் நாள் அங்கீகாரமற்ற மனைகளைப் பதிவு செய்யச் சென்னை உயர் நீதிமன்றம் தடை விதித்தது. பின்னர் 2017ஆம் ஆண்டில், 2016 அக்டோபர் 20க்கு முன் உருவான மனைப் பிரிவுகளை வரன்முறைப்படுத்தும் விதிகளை அரசு வெளியிட்டது. எனவே, நகர் ஊரமைப்பு இயக்ககத்தின் ஒப்புதலோ வரன்முறை ஆணையோ உள்ளதா என்று பாருங்கள். 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட புதிய மனைப் பிரிவாயின், கட்டட மனை விற்பனை ஒழுங்குமுறை ஆணையத்தில் பதிவு பெற்ற எண்ணையும் கேளுங்கள். வெறும் பொது அதிகாரப் பத்திரத்தை வாங்கி வைத்துக்கொண்டு 'நிலம் என்னுடையது' என்று இருக்க முடியாதென்பதை 2011 அக்டோபரில் உச்ச நீதிமன்றமே தெளிவாக்கிவிட்டது.

"மொரப்பூர் ரயில் வருகிறது, சிப்காட் வருகிறது, நாளைக்கு விலை இரட்டிப்பாகும்" என்று அவசரப்படுத்துவோரிடம் எச்சரிக்கை தேவை. மொரப்பூரிலிருந்து தருமபுரிக்கு 1906இலேயே குறுகிய பாதையில் வண்டி ஓடியது. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில், 1941இல், அது மூடப்பட்டது. புதிய பாதைக்கு அடிக்கல் நாட்டியது 2019இல். இடைப்பட்ட காலத்தில் எத்தனை தலைமுறை கழிந்ததென்று எண்ணிப் பாருங்கள்! திட்டம் வருவது ஊருக்கு நன்மையே. ஆனால் வதந்தியை நம்பி இருப்பதையெல்லாம் கொட்டுவது முதலீடன்று, சூதாட்டத்தின் சாயல் கொண்டது. சிறு தொகையை முன்பணமாகக் கொடுத்து ஒப்பந்தம் மட்டும் எழுதிக்கொண்டு, கிரயம் முடிக்குமுன்பே அதைக் கூடுதல் விலைக்குக் கைமாற்றி விடுவதும் சிலருக்குத் தொழிலாகிவிட்டது. தன் உடைமையாகாத பொருளை விற்பதை நபிகளார் (ஸல்) தடுத்திருக்கிறார்கள் என்பதை அவர்கள் மறந்துவிட்டார்கள்.

பணம் எங்கிருந்து வருகிறது?

கையிருப்புப் போதாதபோது வங்கிக் கடன் நினைவுக்கு வருகிறது. வட்டிக்கு வாங்கிக் கட்டிய வீட்டின் வாடகையால் வட்டியைக் கட்டிக்கொண்டிருப்பதில் நமக்கு என்ன நிறைவு? வட்டியில்லா வங்கி முறையை இங்கே தொடர்வதில்லை என்று 2017இல் ரிசர்வ் வங்கி முடிவெடுத்தது. அதனால் வழியே இல்லையென்று சோர்ந்துவிட வேண்டியதில்லை. நம் முன்னோர் அறிந்த கூட்டு முறை நம்மிடமே இருக்கிறது.

மூன்று உறவினர் சேர்ந்து 12 லட்சம் ரூபாயில் ஒரு சிறு வீட்டை வாங்குகிறார்கள் என்று வையுங்கள். ஒருவர் 6 லட்சம், ஒருவர் 4 லட்சம், மற்றவர் 2 லட்சம் போடுகின்றனர். மூவர் பெயரும், அவரவர் பங்கின் அளவும் கிரயப் பத்திரத்திலேயே எழுதப்பட வேண்டும். மாதம் 9,000 ரூபாய் வாடகை வந்தால் 4,500, 3,000, 1,500 என்று பிரிந்துவிடும். பழுதுபார்க்கும் செலவும் இதே விகிதத்தில் பிரியும். நாளை ஒருவர் விலக விரும்பினால், அன்றைய விலைக்கு அவர் பங்கை மற்றவர் வாங்கிக்கொள்ளலாம். பிரிக்கப்படாத சொத்தில் கூட்டாளிக்கே வாங்குவதில் முன்னுரிமை உண்டென்று நபிகளார் (ஸல்) தீர்ப்பளித்த 'ஷுஃப்ஆ' உரிமை இதுவே. ஆனால் வாய்ப்பேச்சோடு நிறுத்தாதீர்கள். திருக்குர்ஆனின் மிக நீண்ட வசனம் கொடுக்கல் வாங்கலை எழுதி வைப்பதைப் பற்றியது என்பதை நாம் அனைவரும் அறிவோம். அறிந்தும், 'அண்ணன் தம்பிக்குள் எழுத்து எதற்கு?' என்கிறோம். பின்னாளில் அந்த அண்ணன் தம்பிதான் நீதிமன்றப் படிக்கட்டில் ஒருவரையொருவர் பாராமல் ஏறி இறங்குகிறார்கள்.

போக்கியம் என்னும் பொறி

இப்போது, நம் வீடுகளில் மிகச் சாதாரணமாக நடப்பதும், மிகக் குறைவாகப் பேசப்படுவதுமான ஒன்றுக்கு வருவோம். போக்கியம், ஒத்தி, 'லீஸ்' என்று பல பெயர்களில் வழங்குவது அது. வீட்டுக்காரருக்கு மகளின் திருமணமோ கடனோ நெருக்குகிறது. 5 லட்சம் ரூபாயை ஒருவரிடம் வாங்கிக்கொண்டு மூன்று ஆண்டுகளுக்கு வீட்டைக் கொடுக்கிறார். வாடகை கிடையாது. மூன்றாண்டு முடிந்ததும் 5 லட்சத்தையும் முழுமையாகத் திருப்பித் தர வேண்டும். "வட்டியும் இல்லை, வாடகையும் இல்லை" என்று இருவரும் மகிழ்கிறார்கள்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். அந்த வீடு மாதம் 6,000 ரூபாய் வாடகை பெறக்கூடியதென்றால், 36 மாதங்களுக்கு 2,16,000 ரூபாய். 5 லட்சம் கொடுத்தவர் தம் 5 லட்சத்தையும் குறைவின்றித் திரும்பப் பெறுகிறார். அதற்கு மேல் 2,16,000 ரூபாய் பெறுமான குடியிருப்பையும் பெற்றுவிடுகிறார். திரும்ப வரும் பணம் கடனன்றி வேறென்ன? கடனின்மேல் நிபந்தனையாகப் பெற்ற ஆதாயத்துக்கு என்ன பெயர்? ரொக்கமாக வாங்கினால் வட்டி, வீடாக வாங்கினால் வட்டியில்லை என்று சொல்ல நமக்கு ஏது அதிகாரம்?

"இருவரும் மனமொப்பித்தானே செய்கிறோம்?" என்பார்கள். வட்டிக்கு வாங்குபவனும் மனமொப்பியே கையெழுத்திடுகிறான். "சட்டம் அனுமதிக்கிறதே?" என்பார்கள். ஆம், 1882ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டம் இதைச் 'சுவாதீன அடமானம்' என்று ஏற்கிறது. சட்டத்தின் ஏற்பு மார்க்கத்தின் ஏற்பாகிவிடாது. "பெயருக்கு மாதம் நூறு ரூபாய் வாடகை வைத்துக்கொண்டால்?" என்பார்கள். ஆறாயிரம் பெறும் வீட்டுக்கு நூறு ரூபாய் வைப்பது, கடன் கொடுத்ததற்காகவே வைக்கும் சலுகை என்பதை எழுதுகிறவரும் அறிவார், ஏட்டைப் பதிவு செய்யும் வானவரும் அறிவார்.

கற்றவர் சிலர் 'பைஉல் வஃபா'வை எடுத்துக்காட்டுவதுண்டு. பணத்தைத் திருப்பித் தந்தால் சொத்தும் திரும்பும் என்ற நிபந்தனையோடு விற்கும் அம்முறையைப் பழங்காலப் புகாரா, சமர்கந்துப் பகுதி ஹனபி அறிஞர் சிலர் மக்களின் நெருக்கடி கருதி அனுமதித்தது உண்மையே. ஆயினும் அது பெயரளவில் விற்பனை, பொருளளவில் பயன் பெறும் கடன் என்பதால் பெரும்பாலோர் மறுத்தனர். 1992இல் ஜித்தாவில் கூடிய சர்வதேச இஸ்லாமியச் சட்டப் பேரவையும் அது ஆகாதென்றே முடிவு கூறியது.

மறுமையின் இழப்பு ஒருபுறமிருக்க, இம்மையின் இழப்பும் சிறிதன்று. 100 ரூபாய்க்கும் அதற்கு மேற்பட்ட தொகைக்குமான இத்தகைய அடமானம் பதிவு செய்யப்பட வேண்டுமென்பது சட்டம். நம்மவர்களோ முத்திரைத்தாளில் நாலு வரி எழுதி, இரண்டு சாட்சி வைத்து முடித்துக்கொள்கிறார்கள். அவ்வீடு ஏற்கெனவே வங்கியில் அடமானத்தில் இருந்து ஏலத்துக்கு வந்துவிட்டால், வாழ்நாள் சேமிப்பைக் கொடுத்தவர் பெட்டி படுக்கையோடு தெருவில் நிற்க நேரும். வீட்டுக்காரரும் தப்புவதில்லை. வாங்கிய பணம் திருமணத்தில் கரைந்திருக்கும். தவணை முடியும்போது ஒரு போக்கியக்காரரை அனுப்ப இன்னொரு போக்கியக்காரரைத் தேடுவார். தொகை ஒவ்வொரு முறையும் ஏறும். கடைசியில் வீடே போகும்.

மாற்று வழி இல்லாமலில்லை. வீட்டுக்காரருக்கு மொத்தப் பணம் தேவையா? வாடகையையே முன்கூட்டி மொத்தமாகப் பெறட்டும். மாதம் 6,000 வீதம் இரண்டு ஆண்டுகளுக்கு 1,44,000 ரூபாய். மொத்தமாகத் தருவதற்காக 5,500 என்று குறைத்துத் தொடக்கத்திலேயே பேசிக்கொண்டாலும் குற்றமில்லை. அது வாடகை, திருப்பித் தர வேண்டியதன்று. இடையில் காலி செய்தால், குடியிராத மாதங்களின் தொகை மட்டும் திரும்பும். ஏற்கெனவே போக்கியத்தில் குடியிருப்பவர்கள் அடுத்த மாதத்திலிருந்தே நியாயமான வாடகையை நிர்ணயித்து, அதை அசலில் கழித்துக்கொண்டு வரலாம். உள்ளூர் ஆலிமையும் ஜமாஅத் பெரியவர் ஒருவரையும் உட்கார வைத்துப் பேசினால் ஒரு மாலைப் பொழுதில் முடியும் காரியம் இது.

முன்பணம் கழுத்தின் மேலுள்ள கடன்

'அட்வான்ஸ்' எனப்படும் முன்பணத்தை வீட்டுக்காரர்கள் வருமானமாக நினைத்துச் செலவிட்டுவிடுகின்றனர். இவ்விடத்தில் ஸுபைர் இப்னுல் அவ்வாம் (ரலி) அவர்களின் வரலாறு நமக்கு வழிகாட்டுகிறது. மதீனாவில் பதினொரு வீடுகள், பஸ்ராவில் இரண்டு, கூஃபாவில் ஒன்று, எகிப்தில் ஒன்று என்று சொத்து வைத்திருந்த நபித்தோழர் அவர்கள். மக்கள் அவர்களிடம் பணத்தை அமானிதமாக ஒப்படைக்க வருவார்கள். "அமானிதம் வேண்டாம், கடனாகவே இருக்கட்டும்" என்பது அவர்களின் விடையாக இருந்தது. அமானிதமாக இருந்து தொலைந்துவிட்டால் கொடுத்தவருக்கு இழப்பு. கடனாக இருந்தால் எந்நிலையிலும் திருப்பித் தரும் பொறுப்பு தம்முடையது என்பதே காரணம். அவர்கள் மறைந்தபோது இருபத்திரண்டு லட்சம் திர்ஹம் கடன் இருந்தது. மகனார் அப்துல்லாஹ் (ரலி) சொத்தை விற்றுக் கடனை அடைத்தபின்னும், நான்கு ஆண்டுகள் ஹஜ் காலத்தில் "என் தந்தை யாருக்கேனும் கடன் பட்டிருந்தால் வாருங்கள்" என்று அறிவித்து, அதன் பிறகே வாரிசுகளுக்குப் பங்கிட்டார்கள். புகாரியில் விரிவாக வரும் செய்தி இது.

உங்களிடமுள்ள முன்பணமும் இத்தகைய கடனே. யாரிடம் எவ்வளவு வாங்கியிருக்கிறீர்கள் என்பதை எழுதி, மனைவி மக்கள் அறிய வையுங்கள். முன்பணத்தை மிக உயர்த்தி வாடகையைக் குறைப்பதும் போக்கியத்தின் தம்பிதான் என்பதை மறவாதீர்கள். 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையிலுள்ள தமிழ்நாட்டின் வாடகைச் சட்டம், வேறு ஒப்பந்தம் இல்லாதபோது மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் கேட்கலாகாது என்கிறது. ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், வாடகை அதிகாரியிடம் பதிவாக வேண்டும் என்றும் அது விதிக்கிறது. எழுதி வைக்கும் கட்டளையைப் பதினான்கு நூற்றாண்டுகளுக்கு முன்பே பெற்ற நமக்கு இது பாரமாகத் தோன்றலாமா?

குடியிருப்பவரின் உரிமை

வாடகை வாங்குபவர் விற்பது குடியிருப்பின் பயனை. அந்தப் பயனில் குறையிருந்தால் மறைக்கலாகாது. கடைவீதியில் தானியக் குவியலுக்குள் கைவிட்டு, உள்ளே ஈரமிருப்பதைக் கண்ட நபிகளார் (ஸல்), ஈரத்தை மேலே வைத்திருக்கலாகாதா என்று கேட்டு, ஏமாற்றுபவர் நம்மைச் சேர்ந்தவரல்லர் என்று கண்டித்தார்கள். எங்கள் மாவட்டத்தில் அந்த ஈரம் எது தெரியுமா? தண்ணீர்! நிலத்தடி நீரில் புளோரைடு மிகுந்த பகுதி இது. லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேற்பட்ட புளோரைடு கலந்த நீரைத் தொடர்ந்து பருகினால் பல் கறைபடும்; நாளடைவில் எலும்பும் வளையும். இதற்காகவே ஜப்பான் நாட்டுக் கடனுதவியோடு ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் நிறைவேற்றப்பட்டு 2013இல் தொடங்கி வைக்கப்பட்டது. ஆழ்துளைக் கிணற்று நீரை மட்டும் தொட்டியில் ஏற்றிவிட்டு, 'தண்ணீர் வசதி உண்டு' என்று பலகை தொங்கவிடலாமா? பாலூட்டும் தாயும் பள்ளிப் பிள்ளைகளும் குடியேறுமுன், குடிநீர் எது, புழங்கும் நீர் எது என்று சொல்லிவிடுவது கடமை. ஒகேனக்கல் நீர் இணைப்பை வாங்கித் தருவது அதனினும் மேல்.

மின்சாரத்திலும் ஓர் அநீதி நடக்கிறது. தமிழக அரசு வீட்டு இணைப்பு ஒவ்வொன்றுக்கும் இரு மாதங்களுக்கு 100 யூனிட்டைக் கட்டணமின்றி வழங்குகிறது. மூன்று குடித்தனத்துக்கு ஒரே இணைப்பை வைத்துக்கொண்டு, உள்ளே தனி மீட்டர் மாட்டி, இலவசத்தைத் தாம் அனுபவித்து, குடியிருப்பவரிடம் யூனிட்டுக்கு இத்தனை என்று மிகுத்து வசூலிப்போர் இருக்கிறார்கள். வாடகை ஆகும், இந்த மிச்சம் ஆகாது. வாடகை தாமதமானதற்காகக் குடிநீரையும் மின்சாரத்தையும் துண்டிப்பது சட்டப்படியே குற்றம். மழைக்கு ஒழுகும் கூரையைச் சீர்செய்வது உரிமையாளரின் பொறுப்பு. குடியிருப்பவர் வீட்டைத் தம் கையில் உள்ள அமானிதமாகப் பேணுவது அவர் பொறுப்பு. வாடகைக்கு விட்ட வீடு அவருடைய மறைவிடம். உங்கள் வீடேயானாலும் அனுமதியின்றி உள்ளே நுழைய உங்களுக்கு உரிமையில்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். பெருநகரங்களில் பெயரைக் கேட்டதும் "வீடு காலியில்லை" என்று நம் பிள்ளைகளைத் திருப்பியனுப்பும்போது நெஞ்சு எரிகிறது. தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரியில் பயிலவும் பணிபுரியவும் எங்கெங்கிருந்தோ வந்து வீடு தேடுவோரிடம் சாதியையும் சமயத்தையும் கேட்டு நாமும் கதவைச் சாத்தினால், அந்த எரிச்சலைப் பற்றிப் பேச நமக்கு என்ன தகுதி இருக்கும்? மதுக்கடைக்கும் வட்டிக்கடைக்கும் இடம் கொடாதீர்கள். நல்லொழுக்கமுள்ள மனிதர் எவருக்கும் இடம் மறுக்காதீர்கள்.

ஜகாத்தும் நிலையான தர்மமும்

வாடகைக்கு விட்ட வீட்டின் மதிப்புக்கு ஜகாத் இல்லை. வந்த வாடகை செலவுபோக மிஞ்சி, பிற சேமிப்போடு சேர்ந்து, நிஸாப் என்னும் அளவை எட்டி ஓராண்டு நின்றால் நூற்றுக்கு இரண்டரை உண்டு. இந்திய ஹனபி உலமாக்கள் வெள்ளியில் அந்த அளவைச் சுமார் 612 கிராம் என்று கணக்கிடுகின்றனர். ஆனால், விலையேறியதும் விற்பதற்கென்றே வாங்கிப் போட்ட மனை வணிகப் பொருளாகும். ஆண்டுதோறும் அன்றைய சந்தை விலைக்கு ஜகாத் கணக்கிட வேண்டும். "மனைதானே, பணமில்லையே" என்று பத்து ஆண்டுகள் சும்மா இருந்தவர்கள் இன்றே கணக்கைத் திறக்கட்டும்.

கைபரில் தமக்குக் கிடைத்த மிகச் சிறந்த நிலத்தை என்ன செய்வதென்று உமர் (ரலி) அவர்கள் நபிகளாரிடம் ஆலோசனை கேட்டார்கள். மூலத்தை நிறுத்தி வைத்து அதன் விளைச்சலைத் தர்மமாக்கும் வழி அவர்களுக்குக் காட்டப்பட்டது. ஸுபைர் (ரலி) அவர்களோ தம் வீடுகளை அறமாக்கி, மணமுறிவு பெற்ற தம் பெண்மக்கள் அங்கே குடியிருக்கும் உரிமையையும் வைத்துச் சென்றார்கள். நான்கு வீடு கட்டுபவர் ஒரு வீட்டின் வாடகையையேனும் கைம்பெண்ணுக்கோ, கல்லூரி மாணவனுக்கோ ஒதுக்கலாமே! கல்லும் மண்ணும் இங்கேயே தங்கிவிடும். அவற்றிலிருந்து நாம் எடுத்துச் செல்லக்கூடியது அந்த ஒன்றுதான்.

ஆகவே, சகோதர சகோதரிகளே! நிலம் வாங்குங்கள்; வீடு கட்டுங்கள்; வாடகையும் பெறுங்கள். மண்ணில் பிறர் பங்கு கலவாமலும், பணத்தில் வட்டி கலவாமலும், ஒப்பந்தத்தில் மறைவு கலவாமலும் பார்த்துக்கொள்ளுங்கள். உங்கள் வீட்டில் யாரேனும் போக்கியத்துக்குக் கொடுத்தோ வாங்கியோ இருந்தால், இன்று ஜும்ஆத் தொழுகை முடிந்து உணவுக்கு அமரும்போது அந்தக் கணக்கை எடுத்துப் பேசுங்கள்.

வல்ல நாயன் நம் அனைவருக்கும் ஆகுமான வருவாயையும், அதில் நிறைவான பரக்கத்தையும் அருள்வானாக! ஆமீன்.